ஒன்பது பேருக்கு ஒரே வயிற்று உபாதை

தம்பி: ...ஒரு லெட்டர நம்பலாம்க்கா. ரெண்டு கூட நம்பலாம். ஒன்பது லெட்டர்லயும் ஒரே வார்த்தையா? "வயிற்று உபாதை காரணமாக." எந்தப் பிள்ளையோட அம்மா "உபாதை"ன்னு எழுதும்?

அக்கா: முதல்ல கதவச் சாத்து.

தம்பி: பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரம் ஆச்சு. யாரு இருக்கா கேக்க?

அக்கா: சாத்துன்னா சாத்து.

தம்பி: சாத்தியாச்சு, ஹெட்மிஸ்டிரஸ் அம்மா. உன் ரூம்ல வந்து உக்காந்தாலே எனக்கு முட்டி போடச் சொல்லிடுவியோன்னு பயமா இருக்கு.

அக்கா: சொல்லணும் போலத்தான் இருக்கு. நான் உன்ன எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்ன பேசிட்டிருக்க? அஞ்சு மணிக்குக் கல்விக் குழு கூட்டம். மேஜையில பேர் பலகை வெச்சுக்கிட்டு உறுப்பினரா உக்காரப் போற. எங்க வாசிப்பு டீச்சர எடுத்துடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுன்னு கேட்டேன். நீ என்னடான்னா ஃபைலத் தூக்கிட்டு வந்து லீவ் லெட்டர் படிச்சுக் காட்டுற.

தம்பி: சொல்றதுக்கு ஒரு காரணம் வேணாமா? எங்கக்கா கேக்குறா, விட்டுடுங்கன்னா சொல்ல முடியும்? மத்த ஆறு பேரும் சிரிப்பாங்க. மார்க் கம்மியா வாங்குற ஸ்கூலுக்குத்தான் வாசிப்பு டீச்சர். அதுக்குத்தான் அந்த நிதி. உங்க அஞ்சாங் கிளாஸ் சராசரி போன வருஷம் நாப்பத்தொண்ணு. இந்த வருஷம் அம்பத்தெட்டு. "இவ்வளவு ஏறின ஸ்கூலுக்கு இன்னும் எதுக்கு டீச்சர்?"னு தலைவர் கேட்டா நான் எந்தச் சுவத்தப் பாக்குறது?

அக்கா: போன வருஷம் நாப்பத்தொண்ணு வந்தப்ப என்ன எழுதுனீங்க? அடுத்த வருஷமும் நாப்பத்தஞ்சத் தாண்டலன்னா ஸ்கூல இழுத்து மூடி, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்குற ஸ்கூலோட சேத்துடுவோம்னு...

தம்பி: நான் எழுதல. குழு எழுதிச்சு.

அக்கா: அடியில ஏழாவது கையெழுத்து உன்னோடது.

தம்பி: எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்.

அக்கா: ஆமா. இறங்கினாலும் உதைக்கிறீங்க, ஏறினாலும் உதைக்கிறீங்க.

தம்பி: ஏறினது எப்படின்னுதான் கேக்குறேன். நீ பேச்ச மாத்துற. அக்கா, இங்க பாரு. இந்த லெட்டருக்கெல்லாம் நகல் எடுத்து சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிட்டாங்க.

அக்கா: எதுக்கு?

தம்பி: ஒரே ஸ்கூல்ல ஒரே நாள் ஒன்பது பிள்ளைங்களுக்கு வயிறு கெட்டா, தண்ணித் தொட்டியச் சோதிக்கணும்னு விதி இருக்காம். நாளைக்குக் காலையில ஆள் வருது.

அக்கா: தொட்டியா? போன மாசம்தானடா கழுவினோம்!

தம்பி: அதான் பயமே. தண்ணி சுத்தம்னு வந்துடும். தண்ணியும் நல்லாருக்கு, மறுநாளே ஒன்பது பிள்ளைங்களும் துள்ளிக் குதிச்சு வந்திருக்கு... அப்ப வயிறு யாருக்குத்தான் கெட்டுச்சுன்னு கேப்பாங்க.

அக்கா: அது வந்து...

தம்பி: மென்னு முழுங்காதக்கா. என்கிட்டயாவது சொல்லு.

அக்கா: பரீட்சை அன்னிக்கு உடம்பு சரியில்லன்னு லீவ் போட்டா சராசரியில சேர மாட்டாங்க.

தம்பி: அது எனக்கும் தெரியும்.

அக்கா: அந்த ஒன்பது பேரும் எழுதினா ஆளுக்கு அஞ்சு மார்க் வாங்கியிருப்பாங்க. ஸ்கூல் போயிருக்கும். நான் போன் பண்ணினேன். ஒவ்வொரு வீட்டுக்கும். "நாளைக்கு ஒரு நாள் பிள்ளைய அனுப்பாதீங்க, நான் சொல்லச் சொல்ல ஒரு லெட்டர் எழுதுங்க"ன்னு...

தம்பி: "உபாதை"யும் நீதான் சொன்னியா?

அக்கா: பழக்க தோஷம். வாயில அதுதான் வந்துச்சு.

தம்பி: எல்லாருமே எழுதினாங்களா?

அக்கா: ரெண்டு பேருக்கு எழுதத் தெரியாது. அத நானே எழுதினேன்.

தம்பி: இடது கையாலயா?

அக்கா: கிண்டல் பண்ணாதடா. செத்துடலாம் போல இருக்கு. அவங்க யாரும் ஏன்னு கூடக் கேக்கல, தெரியுமா? சலவைக் கடையில துணி தேய்க்கிற அம்மா, பிள்ளையத் தனியா விட முடியாதுன்னு அன்னிக்கு வேலைக்கே போகல. "எம்பிள்ளை மேல இவ்வளவு அக்கறையா இருக்கீங்களே டீச்சர்"னாங்க. நான் "பரவால்லம்மா"ன்னேன். பரவால்லம்மான்னு சொன்னேன்டா!

தம்பி: சரி, தண்ணி குடி.

அக்கா: இன்னும் இருக்கு. அதுல ஒரு பொண்ணு வந்துடுச்சு.

தம்பி: எங்க?

அக்கா: ஸ்கூலுக்கு. பரீட்சை அன்னிக்கு. அவங்கம்மா சொன்னதக் கேக்காம, தலையப் படிய வாரிக்கிட்டு, ரெண்டு பென்சில சீவி எடுத்துக்கிட்டு. நான் கேட்லயே நிறுத்திட்டேன். "உனக்கு உடம்பு சரியில்ல, வீட்டுக்குப் போ"ன்னேன். "இல்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கேன்"னுது. நெத்தியில கை வெச்சுப் பாத்து... "கொதிக்குது பாரு"ன்னேன்.

தம்பி: அக்கா...

அக்கா: அதுவும் தன் நெத்தியத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம் தலையாட்டிட்டுப் போயிடுச்சு. நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு.

தம்பி: ...யாரோ கதவத் தட்டுறாங்க. மூஞ்சியத் தொடச்சுக்கோ.

அக்கா: யாரு? உள்ள வாங்க.

வாசிப்பு டீச்சர்: நான்தான் மேடம். மன்னிச்சுக்கோங்க, உறுப்பினர் சார் இருக்கிறது தெரியாது. அலமாரிச் சாவியக் கொடுத்துட்டுப் போலாம்னு...

அக்கா: இன்னும் முடிவாகல டீச்சர். சாவிய நீங்களே வெச்சுக்கோங்க.

வாசிப்பு டீச்சர்: இருக்கட்டும் மேடம். எண்ணி அடுக்கிட்டேன். எழுத்து அட்டை எல்லாம் மேல் தட்டுல. "ழ" அட்டை மட்டும் ஓரம் கிழிஞ்சிருக்கு. ஒருத்தன் கோவத்துல கடிச்சுட்டான்.

தம்பி: எழுத்தையா கடிச்சான்?

வாசிப்பு டீச்சர்: அவனுக்கு அது வாயில நுழையல சார், அதான் அட்டைய நுழைச்சுட்டான். ஆனா இப்ப சொல்றான். ரெண்டு பேர் ஒரு பக்கம் முழுசாப் படிக்கிறாங்க. அன்னிக்குப் பரீட்சை எழுதியிருந்தா... சரி, விடுங்க.

அக்கா: நீங்க ஏன் டீச்சர் எதுவுமே கேக்கல? வேலைய விட்டு எடுக்கிறாங்க. ஒரு மனு கூடக் கொடுக்கலயே நீங்க?

வாசிப்பு டீச்சர்: எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன் மேடம்? உங்ககிட்டச் சொல்லணும்னு ஒரு மாசமா நினைக்கிறேன். தைரியம் வரல. பரீட்சைக்கு முந்தின நாள் அந்த ஒன்பது பேருக்கும் நான் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

தம்பி: பிஸ்கட்டா?

வாசிப்பு டீச்சர்: நல்லா எழுதணும்னு உற்சாகமா இருக்கட்டுமேன்னு. ஆளுக்கு ரெண்டு. மறுநாள் ஒன்பது பேரும் வயிறு சரியில்லாமப் படுத்துட்டாங்க. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் தொட்டுக் கொடுத்த ஒன்பது பேருக்கு மட்டும்.

அக்கா: டீச்சர், அது...

வாசிப்பு டீச்சர்: தேதி பாக்காம வாங்கிட்டேன் மேடம். காகிதத்தையும் குப்பையில போட்டுட்டேன். ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்துட்டு, எழுத வேண்டிய அன்னிக்கு நானே அதுங்கள எழுத விடாமப் பண்ணிட்டேன். என்ன எடுக்கிறது சரிதான்னு எனக்கே தோணுது. நாளைக்குத் தண்ணித் தொட்டியப் பாக்க வர்றாங்களாமே?

தம்பி: உங்களுக்கு யார் சொன்னா?

வாசிப்பு டீச்சர்: வாட்ச்மேன் சொன்னாரு. ஸ்கூலுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது சார். தண்ணி மேல தப்பில்ல, நான் கொடுத்த பிஸ்கட்தான்னு எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தாங்க மேடம்.

அக்கா: கொண்டாங்க.

வாசிப்பு டீச்சர்: திருப்பித் திருப்பிப் படிக்கிறீங்களே மேடம். கோவம்னா திட்டிடுங்க.

அக்கா: இல்ல டீச்சர். நீங்க... வெளியில கொஞ்சம் உக்காருங்க. போயிடாதீங்க.

வாசிப்பு டீச்சர்: சரி மேடம். சாவி மேஜை மேல இருக்கு.

தம்பி: ...கதவு சாத்திடுச்சு. அக்கா.

அக்கா: பேசாத.

தம்பி: ஒண்ணே ஒண்ணு. கோவப்படாமக் கேளு. அந்தக் காகிதம்... அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. யாரும் கேக்கல. இத அப்படியே கொடுத்துட்டா தொட்டிக்கும் பதில் ஆச்சு, லெட்டருக்கும் பதில் ஆச்சு. எப்படியும் அவங்க வேலை போகத்தான் போகுது...

அக்கா: நீயாடா இப்படிப் பேசுற?

தம்பி: யோசிச்சேன். அவ்வளவுதான்.

அக்கா: நானும் யோசிச்சேன்டா. காகிதத்தக் கையில வாங்கின அடுத்த நொடி நானும் அதத்தான் யோசிச்சேன். அதான் திருப்பித் திருப்பிப் படிச்சேன். கொண்டா ஃபைல. நானும் கூட்டத்துக்கு வர்றேன்.

தம்பி: எதுக்கு?

அக்கா: எந்திரிச்சு நின்னு சொல்றதுக்கு. அம்பத்தெட்டு பொய், உபாதை என்னோடதுன்னு.

தம்பி: உனக்குப் பைத்தியமா? இன்னும் மூணு வருஷம் இருக்கு உன் சர்வீஸ். வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

அக்கா: அனுப்பட்டும்.

தம்பி: பென்ஷன்ல கை வைப்பாங்க.

அக்கா: வைக்கட்டும். அந்தம்மா என் பொய்யத் தன் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கு.

தம்பி: அக்கா, சொன்னாக் கேளு, விசாரணைன்னு வெச்சா உன்னோட நிக்காது. அன்னிக்கு வராத பிள்ளைங்க எல்லாரையும் வரிசையாக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் படிக்கச் சொல்லுவாங்க.

அக்கா: ரொம்ப நல்லது. ஒன்பது பேரும் எழுத்துக் கூட்டித் தடுமாறுறதக் குழு கண்ணால பாக்கட்டும். டீச்சர் எதுக்குன்னு அப்ப யாரும் கேக்க மாட்டாங்க. நீ ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுற?

தம்பி: ஒன்பது பேர் இல்லக்கா.

அக்கா: என்ன சொல்ற?

தம்பி: வருகைப் பதிவேடு உன் மேஜையிலதான் இருக்கு. உனக்குத் தெரியாததா? அன்னிக்கு வராதவங்க பத்துப் பேர்.

அக்கா: உன் பொண்ணு, நம்ம குட்டிக்குக் காய்ச்சல்னு லெட்டர் வந்துச்சு.

தம்பி: அந்த லெட்டர நேத்தே ஃபைல்லருந்து எடுத்துட்டேன். என் சட்டைப் பையில இருக்கு. காய்ச்சல் இல்லக்கா அவளுக்கு.

அக்கா: ம்.

தம்பி: பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கடைக்கு வந்திருந்தா. தேர்தலுக்கு அடிச்ச நோட்டீஸ் ஒரு கட்டு மீதி கெடந்துச்சு. சும்மா விளையாட்டுக்கு, "அப்பா நோட்டீஸ படி பாப்போம்"னேன். "ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கும்." பெரிய எழுத்து. "ஒ"ன்னா. அடுத்த எழுத்துல நின்னுட்டா. வெரல வெச்சுக்கிட்டே நிக்கிறா. அப்புறம் நிமிந்து என் மூஞ்சியப் பாத்தா, முழுசாச் சொல்லிட்டா.

அக்கா: படிச்சுட்டாளா?

தம்பி: எங்க படிச்சா? ஒரு மாசம் தெருத்தெருவா மைக்ல நான் கத்தினது காதுல ஏறியிருக்கு. சொல்லும்போது நோட்டீஸ்ல வெரல் என் போட்டோ மேல இருந்துச்சு.

அக்கா: ஐயோ.

தம்பி: அவளுக்கும் தெரியும், நான் கண்டுபிடிச்சுட்டேன்னு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில நானே காய்ச்சல்னு எழுதினேன். உறுப்பினர் பொண்ணு அஞ்சு மார்க்னு பட்டியல்ல வந்தா நான் எப்படித் தலை நிமிந்து நடக்கிறது? ஆனா நாலு வருஷமா அவ ரிப்போர்ட்ல "நன்று" போட்டியே, அது எப்படிக்கா?

அக்கா: சொல்ல வாய் வரலடா. என் தம்பி பொண்ணு, உன் பொண்ணு... அவள வாசிப்பு வகுப்புல உக்கார வெச்சா நாலு பேர் பேசுவாங்கன்னு, உக்கார வேண்டிய இடத்துல உக்கார வைக்காமயே விட்டுட்டேன். மத்த ஒன்பது பேருக்காவது டீச்சர் கெடச்சாங்க. அவளுக்கு அதுவும் இல்ல.

தம்பி: மணி நாலே முக்கால்.

அக்கா: நீ போறதுன்னா போ. நான் ஆட்டோ பிடிச்சு வந்துக்கிறேன்.

தம்பி: கார் வெளியில நிக்குது. ஏறு. டீச்சரையும் கூட்டிக்கோ. அவங்க காகிதத்தக் கிழிச்சுப் போடு. பத்தாவது லெட்டர ஃபைல்ல திருப்பி வெச்சுட்டேன். நீ ஒன்பதப் படி, அத நான் படிக்கிறேன்.

அக்கா: நிஜமாத்தான் சொல்றியா? உன் பதவி?

தம்பி: வாக்கா, மனசு மாறுறதுக்குள்ள. ஒண்ணு மட்டும் சொல்லு. ஒன்பது வீட்டுக்கும் தேடித் தேடி போன் பண்ணின. குட்டிக்குப் படிக்க வராதுன்னு எல்லாருக்கும் முன்னாடி தெரிஞ்சவ நீ. எனக்கு மட்டும் ஏன் பண்ணல? எங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சா?

அக்கா: இல்லடா. லிஸ்ட்ல முதல் பேரே அவளோடதுதான். உனக்குச் சொல்லத் தேவையில்லன்னு விட்டேன்... நீயே அவள வீட்டுல நிறுத்திடுவன்னு எனக்குத் தெரியும்.