பதினஞ்சு நாள் லீவு

அந்தப் பக்கம் வேணாம்மா, அங்க தரை உள்வாங்கியிருக்கு. செவுத்த ஒட்டியே வா. ஆமா, இதுவும் பொம்பளைங்க வார்டுதான், நாலாம் நம்பர். ஜன்னல் ஏன் இவ்வளவு உசரமா? வெளிச்சம் உள்ள வரணும், இருக்கறவங்க வெளிய எட்டிப் பாக்கக் கூடாது. பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னு கட்டினவன் அப்படி யோசிச்சிருக்கான். அந்தக் காலத்துல அதோ அந்தத் தொட்டியில பச்சத்தண்ணி ரொப்பி ஆளுங்கள உக்கார வெப்பாங்களாம். அப்புறம் மாத்திரை வந்துச்சு, தொட்டியில துணி ஊற வெச்சாங்க. நான் பாத்தது துணிய மட்டும்தான்.

நானா? இல்லம்மா, நான் பாக்க வர்ற கூட்டம். இருந்தது எங்கக்கா. ஜன்னலுக்குக் கீழ ரெண்டாவது கட்டில். பொறந்த குழந்தை தங்கல, பேச்ச நிறுத்திட்டா. அப்புறம் தனியா உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சா. கொண்டாந்து சேத்தாங்க. படம் எடு, எடு, நல்லா எடுத்துக்கோ. நீயும் அவ கட்டிலத்தான் எடுக்குற, வழி காட்டிக்கிட்டு நடக்குறவள ஒரு படம் எடுக்கத் தோணல பாரு. சும்மா சொன்னேன். அவளுக்கு அப்படி ஒரு ராசி.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. ஆபீஸ் ரூம்ல லீவு ரெஜிஸ்டர் கெடக்கும்னு வாட்ச்மேன் சொன்னாரு. அதுல ஒரே ஒரு வரி எனக்குப் படிச்சுச் சொல்லணும். அதுக்குத்தான் உன்கூட வந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆஸ்பத்திரிக் கிறுக்கல்ல என் பேரே எனக்குத் தெரியாது.

இதான் பாக்க வர்றவங்க கூடம். வியாழக்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு. இந்த பெஞ்சுல அக்கா இந்த ஓரம், மாமா அந்த ஓரம். மாமான்னா அக்கா வீட்டுக்காரர். எனக்கும் அவர்தான் வீட்டுக்காரர். அக்கா இங்க வந்து ரெண்டு வருஷத்துல, வீட்டப் பாத்துக்க ஆள் இல்லன்னு என்னைக் கட்டி வெச்சாங்க. கட்டினப்புறமும் என் வாயில மாமான்னுதான் வந்துச்சு.

வியாழக்கிழமைன்னா மனுஷன் காலையிலயே சவரம் பண்ணிடுவாரு. மத்த நாளெல்லாம் முள்ளு முள்ளா தாடியோட என் எதிர்க்க உக்காந்து சாப்பிடுறவரு. சட்டைப் பையில சீப்பு. இந்த பெஞ்சுல, அத்தன பேர் பாக்க, அவ தலைய சிக்கெடுத்துப் பின்னி விடுவாரு. ஒரு முடி பிசகாது. எனக்குக் கை முறிஞ்சு ஒன்றர மாசம் கட்டோட கெடந்தேன், என் தலையில சீப்பு வெச்சாரான்னு கேளு. நான் இந்தத் தூண்கிட்ட பையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். புதுசா வந்த நர்ஸ் ஒருத்தி, இவங்க யாருன்னு கேட்டா. அவ தங்கச்சின்னாரு. பொய்யில்லையே. அதான் எரிஞ்சுது.

பாத்து, நிலை தலையில இடிக்கும். இதான் ஆபீஸ். அதோ, அந்தக் கவுண்டர் ஓட்டை வழியாத்தான் கேள்வி கேப்பாங்க. கொஞ்சம் தேறினா ஒரேடியா அனுப்ப மாட்டாங்கம்மா, பதினஞ்சு நாள் லீவுல விடுவாங்க. திரும்பிக் கூட்டிட்டு வரும்போது வீட்டுப் பொம்பளைய மட்டும் கூப்பிட்டுக் கேப்பாங்க. தூங்கினாளா, சாப்பிட்டாளா, பழையபடி ஏதாவது பண்ணினாளா. எல்லாம் சரின்னு சொன்னா கையெழுத்து வாங்கிக்கிட்டு வீட்டுக்கே அனுப்பிடுவாங்க.

அக்காவையும் ஒரு தடவ விட்டாங்க. பதினஞ்சு நாளும் மாமா வேலைக்குப் போகல. எங்க கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு போட்டவரு. அக்காவா? தூங்கினா, சாப்பிட்டா. நான் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல பாத்திரம் கழுவிக் குடுத்தா. என் சமையல் நல்லாருக்குன்னா. அவமேல குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணுமே கெடைக்கல, அதான் என் கஷ்டம்.

அப்புறம் என்ன, பன்னெண்டு வருஷம் இங்கயே இருந்தா. இங்கயே போய்ச் சேந்தா, ஆஸ்பத்திரிய மூடுறதுக்கு முந்தின வருஷம். மாமா அதுக்கப்புறமும் வியாழக்கிழமை சவரம் பண்றத விடல. போகத்தான் இடமில்ல. போன மாசம் அவரும் போயிட்டாரு. அந்த ஓட்டைகிட்ட நின்னு நான் என்ன சொன்னேன்னு கடைசிவரைக்கும் அவர் கேக்கல. எனக்குத்தான் ஒரு நெனப்பு. இவ்வளவு படிச்ச டாக்டர், என் ஒரு வார்த்தைக்காகவா ஒருத்திய இங்கயே நிறுத்தி வெச்சிருப்பாரு? அவரா வேற ஏதாவது பாத்து எழுதியிருப்பாரு. இல்ல?

அந்தச் செவப்பு அட்டைதான். தூசியத் தட்டிடு. நாலாம் வார்டு, அக்கா நம்பர் எண்பத்தாறு. இருக்கா? படி, மெதுவாப் படி.

‘வீட்டில் தனியாகச் சிரிக்கிறார் என்று தங்கை கூறினார்.’ ம். ‘மீண்டும் சேர்க்கப்பட்டார்.’ ம், அப்புறம்?

அவ்வளவுதானா? கீழ பாரு. பின்பக்கம் திருப்பு. டாக்டர் எழுதினது ஒண்ணும் இல்லையா?

சரி, மூடி வெச்சுடு. கையத் தொடச்சுக்கோம்மா, கேமராவுல படப்போகுது. நான் சொன்னத சொன்னபடிதான் எழுதியிருக்காங்க, அவங்க மேல தப்பில்ல. சிரிச்சா, அது நெசம். பகல் பதினொரு மணி, சமையக்கட்டுல, கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சா. நான் கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தனியா இல்ல. மாமா பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாரு. அவரும்தான் சிரிச்சாரு.