நீந்தத் தெரியாத ஏழு பேர்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் அவர்களே! புத்தக அலமாரிகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் தந்த நூலகர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி காத்திருக்கும் மூத்தோரே! பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! வேலை தேடித் தேய்ந்த செருப்புகளோடு வந்திருக்கும் என் வயதுக்காரர்களே! பணி முடிந்து நேராக வந்து, மூன்றாம் வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் என் எதிர்வீட்டு அக்காவே! வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம்.

அழைப்பிதழில் என்னை 'நூறு மேடை கண்ட நாவரசி' என்று போட்டிருக்கிறார்கள். போட்டவர் செயலாளர் அண்ணன். தங்கமான மனசு. ஆனால் எனக்கு இது இரண்டாவது மேடை. முதல் மேடை பள்ளிக்கூடத்தில். அங்கே 'வணக்கம்' வரை நன்றாகப் பேசினேன். பிறகு இறங்கிவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பரவாயில்லை அண்ணே, உங்களைவிடப் பெரிய பொய்யை எழுதியவள் நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த அறையில் நாளை முதல் ஒரு மேசை இருக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரும் மேசை. கட்டணம் கிடையாது. அதில் உட்காரப்போகிறவள் நான். எனக்கு என்ன தகுதி?

முதுகலை படித்தேன். நாற்பத்தொரு விண்ணப்பங்கள் போட்டேன். கடைசியில் கிடைத்தது, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், மற்றவர்களுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்யும் வேலை.

அந்தக் கடைக் கணினியில் ஒரே ஒரு கோப்பு. எனக்கு முன்பே யாரோ, யாருக்கோ செய்தது. வருகிறவர் பெயரை அடிப்போம், பழைய பெயரை அழிப்போம். வயதை மாற்றுவோம். படிப்பை மாற்றுவோம். கடைசி வரிக்கு மட்டும் எவர் கையும் போகாது. 'பொழுதுபோக்கு: நீச்சல்.'

எங்கள் பகுதியில் ஆறு இல்லை. குளம் இல்லை. குழாயில்கூட ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஆனால் தாளின்படி, தையற்காரர் நீந்துவார், வெல்டர் நீந்துவார், பார்சல் வண்டிக்காரர் நீந்துவார். வேலையில்லாத அத்தனை பேரும் நீந்திக்கொண்டே இருந்தார்கள்.

அதோ, பின்னால் நிற்கிற வெல்டர் அண்ணன் கையை ஆட்டுகிறார். தண்ணீரைக் கண்டாலே அவருக்குப் பயமாம். தெரியும் அண்ணே. இப்போது தெரியும்.

கடை முதலாளி அடிக்கடி சொல்வார்: "சும்மா இருந்தேன்னு எழுதுனா எவன்மா கூப்பிடுவான்? நாலு வரி சேத்துப் போடு. கேக்கவா போறாங்க?" சேர்த்தேன். வந்தவர்கள் யாரும் பொய் எழுதச் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடும்மா."

பாத்துப் போட்டு. அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு பயம்!

அப்படி ஒரு பகலில் எதிர்வீட்டு அக்கா வந்தாள். பெரிய மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை. எட்டு இடங்கள். வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடியாயிற்று. இரண்டு பிள்ளைகள். அவளுக்கு வயது வரம்பு முடிய இன்னும் ஓராண்டு சொச்சம்.

"என்ன அனுபவம்க்கா போடட்டும்?"

"அனுபவமா? வீட்லதான்டி கெடந்தேன். மாமியார் ஆறு வருஷம் படுத்த படுக்கை. அதப் பாத்துக்கவே நேரம் சரியாப் போச்சு. அதெல்லாம் ஒரு வேலையா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். அது ஒரு வேலையா? அதனால் எழுதினேன்: 'தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் செவிலியர் உதவியாளர்.'

அக்கா படித்துப் பார்க்கவில்லை. "நீ படிச்ச புள்ள. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்." கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரம்.

நேர்முகத் தேர்வு. மேசைக்குப் பின்னால் மூவர். ஒரு மருத்துவர், ஓர் அலுவலர், கண்காணிப்பாளர். அந்தக் கண்காணிப்பாளர் இன்று இந்த மேடையின் நடுநாற்காலியில் இருக்கிறார். அம்மா, எழுந்துவிடாதீர்கள், உங்களைப் பற்றி நல்லதும் வருகிறது.

அலுவலர் தாளின் கடைசி வரியைப் பார்த்தார். "நீங்களும் நீச்சலா?"

"என்னது சார்?"

"காலையிலேர்ந்து ஏழாவது ஆளும்மா நீங்க. பேசாம ஆஸ்பத்திரி மாடியில ஒரு குளம் கட்டிரலாம்."

மருத்துவர் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. ஒரே கடையில் அச்சான தாள் என்று புரிந்துவிட்டது. தன் பக்கம் இழுத்து, மேலிருந்து வரிவரியாகப் படித்தார். "ஆறு வருஷம் எந்த முதியோர் இல்லத்துல இருந்தீங்க?"

அக்கா அந்தத் தாளை வாங்கினாள். அப்போதுதான் முதன்முதலாக அதைப் படித்தாள்.

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா, ஐயா? சொல்லியிருக்கலாம். எட்டு இடம். இரண்டு பிள்ளைகள். ஒரு பெயர் போதும்.

அக்கா சொன்னாள்: "இல்லம்னு ஒண்ணும் இல்லம்மா. என் வீடுதான். ஒரே ஒரு நோயாளி. என் மாமியார்."

"அப்போ இத யார் எழுதுனது?"

"என் கையெழுத்துதானேம்மா இருக்கு."

நான் அங்கே இல்லை. இதை எனக்குச் சொன்னது அக்காகூட அல்ல, அம்மையார். பல மாதம் கழித்து, அந்தத் தாள் அச்சான கடையைத் தேடி வந்தபோது.

விதி என்று ஒன்று இருக்கிறது. பொய்த் தகவல் தந்தால் நிராகரிப்பு, ஓராண்டுக்கு விண்ணப்பிக்கத் தடை. அம்மையார் தம் கையாலேயே எழுதினார். எழுதும்போது, எழுந்து நின்ற அக்காவிடம் ஒன்று கேட்டார்.

"மாமியாருக்குப் படுக்கைப்புண் வந்துச்சா?"

"இல்லம்மா."

"ஆறு வருஷத்துலயுமா?"

"ஒண்ணுகூட இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைப்பேன். முழங்காலுக்கு நடுவுல ஒரு தலகாணி. குதிகால் மெத்தையில படாம ஒரு துணிச்சுருள். அவங்க திட்டுவாங்க. திட்டுறாங்கன்னா தெம்பா இருக்காங்கன்னு அர்த்தம். நான் பாட்டுக்குத் திருப்பிருவேன்."

பேனா நின்றது. "இத ஏம்மா எழுதல?"

அந்தக் கேள்வியோடு அக்கா என் கடைக்கு வந்தாள். தாளை மேசைமேல் வைத்தாள். "ஏன்டி, என்னையப் போயி நீச்சலடிக்க விட்டுட்டியே?" சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"நான் செஞ்சது பத்தலன்னு தோணுச்சாடி உனக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள்.

அவையோரே! நான் கூட்டி எழுதினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் குறைத்தல்லவா எழுதியிருக்கிறேன்! ஆறு ஆண்டு உழைப்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இல்லாத ஓர் இல்லத்தைக் கட்டினேன். சம்பளம் தராத வேலை வேலையில்லையா? சான்றிதழ் தராத அனுபவம் அனுபவமில்லையா? வீட்டுச் சுவருக்குள் செய்தால் விரல்கள் கற்றுக்கொள்ளாதா? தாய்மார்களே, உங்களைத்தான் கேட்கிறேன். 'சும்மாதான் இருக்கேன்' என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்? அப்படிச் சொன்ன ஒரே ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கிறீர்களா?

வேலை தருகிற பெரியோர்களிடமும் ஒரு கேள்வி. இருபது வயதுப் பிள்ளையிடம் இரண்டாண்டு அனுபவம் கேட்கிறீர்கள். அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்? விற்றது எங்கள் கடையில்தான். நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் அச்சடித்தோம்.

அந்த ஓராண்டும் அக்கா ஒரு துணிக்கடையில் நின்றாள். மாலையில் வீங்கிய காலை வாசற்படியில் நீட்டிக்கொண்டு உட்காருவாள். எதிர்ச் சன்னலிலிருந்து நான் பார்ப்பேன். என் ஒரு வரியின் நீளம் அது.

தடை முடிந்தது. வயது வரம்புக்குள் ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். இந்த முறை வெற்றுத்தாளில் தொடங்கினோம். என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், எத்தனை நாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில் அக்கா உரக்கப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். "அஞ்சு வருஷம் பத்து மாசம்டி. ஆறுன்னு போடாத." திருத்தினேன்.

தேர்வில் இருந்தவர்கள் வேறு மூவர். இடங்கள் மூன்று. அக்கா நான்காவது. வேலை கைநழுவியது. இரண்டு மாதம் கழித்து, தேர்வானவர்களில் ஒருவர் சேராமல் விட, அழைப்பு வந்தது.

ஆகவே உண்மை எழுதினால் உடனே வேலை என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அதுவும் மிகை. பிறகு வெல்டர் அண்ணனும் உண்மையைத்தான் எழுதினார். இன்னும் கிடைக்கவில்லை. நாளைக் காலை இந்த மேசைக்கு முதலில் வரப்போகிறவர் அவர்தான். வேலை கிடைக்கும் என்று அவருக்கு என்னால் வாக்குத் தர முடியாது. அவர் கை செய்த ஒரு வேலைகூட என் கையால் அழியாது. அந்த வாக்குத் தர முடியும்.

ஓய்வு பெற்ற பின்னும் 'இத ஏம்மா எழுதல' என்ற தம் கேள்வியை விடாமல், நூலகத்துக்கு நடையாய் நடந்து இந்த மேசையை வாங்கித் தந்த அம்மையாருக்கு நன்றி. என்னைக் காட்டிக்கொடுக்காத அக்காவுக்கு நன்றி. அழகாகப் பொய் சொன்ன செயலாளர் அண்ணனுக்கும் நன்றி. அடுத்த அழைப்பிதழில் 'இரண்டு மேடை கண்டவள்' என்று போடுங்கள் அண்ணே, அது போதும்.

முதல் மேடையில் வணக்கம் சொல்லி இறங்கினேன். இதிலும் வணக்கம் சொல்லித்தான் இறங்குகிறேன். இந்த முறை நடுவில் கொஞ்சம் பேசியிருக்கிறேன்.

வணக்கம்.