அறுநூறுக்கு அறுநூறு

உங்கள் கடை நாற்காலி நன்றாக இருக்கிறது, முதுகுக்கு இதம். அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன். அழிந்துபோன கோப்புகளை மீட்டுத் தருகிறவர் நீங்கள். டாக்டரிடமும் உங்களிடமும் எதையும் மறைக்கக் கூடாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறாளே, அவள் என் அண்ணன் மகள். இந்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னையும் இழுத்து வந்தவள் அவள்தான். அவளுக்கு எல்லாமே கொஞ்சம் அதிகம்.

இதில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாட்டு ஆல்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அட்டைப்படம் உண்டு. அறுநூறு புள்ளிக்கு அறுநூறு புள்ளி, சரியான சதுரம், கோப்பின் அளவு நூறு கேபிக்கு மேல் போகாது. கிடைத்ததை ஒட்டிவைத்து ஒப்பேற்றுகிறவன் இல்லை நான். மடிப்பும் விலைச்சீட்டும் இல்லாத ஓர் அட்டைக்காக நாலு மாதம் தேடியிருக்கிறேன். அந்த நாலு மாதத்தில்தான் என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததாம். இரண்டும் நல்லபடியாக முடிந்தன.

படமே இல்லாமல் கிடந்தது ஒரே ஆல்பம், என் அண்ணனுடையது. வீட்டுக் கூடத்தில் எட்டுப் பாட்டுப் பாடிப் பதிவு செய்தார். அது கடைக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது வெளியே இருக்கிறவளுக்கு ஒன்றரை வயது. கேசட்டிலிருந்து பாட்டுகளை நான்தான் கணினிக்கு மாற்றினேன். ஆனால் ஒன்பதாயிரம் முகங்களுக்கு நடுவில் ஒரு சாம்பல் கட்டம், சொத்தைப் பல் மாதிரி. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணியிடம் கேட்டேன். பதிவு நடந்த அன்று எடுத்த போட்டோ ஒன்று பெட்டிக்கு அடியில் இருந்தது. நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. "பத்திரம் தம்பி, அவரும் பாப்பாவும் சேர்ந்து இருக்கறது இது ஒண்ணுதான்" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். அவ்வளவு தூரம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. என் கையில் எது வந்தாலும் பத்திரம்தான்.

போட்டோ அகலவாக்கில் இருந்தது. நடுவில் மைக் முன்னால் அண்ணன். இடப்பக்கம் பாயில் குழந்தை, அதன் காலை அவர் ஒரு கையால் பிடித்திருந்தார். வலப்பக்கம் வயரைப் பிடித்தபடி ஓர் இளைஞன். சதுரத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். குழந்தை ஆடியிருந்ததால் முகம் கலங்கல். போதாததற்குப் பொடிப் பூப்போட்ட சட்டை. உங்களுக்குத் தெரியாததா, பொடிப்பூவை அவ்வளவு லேசில் சுருக்க முடியாது. அந்தச் சட்டை மட்டும் நாற்பது கேபி தின்றது. வலப்பக்கத்து ஆள் வெள்ளைச் சட்டையில் ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். அந்தப் பக்கமாக வெட்டினேன். தொண்ணூற்றொரு கேபியில் அடங்கியது.

முழுப் போட்டோவையும் ஸ்கேன் செய்து வைத்திருந்த பெரிய கோப்பு இனி எதற்கு? அழித்தேன். அழித்த இடத்தைத் துடைக்கும் மென்பொருளை மாதம் ஒருமுறை ஓட்டுவது என் வழக்கம். அந்த மாதம் இரண்டு முறை ஓட்டினேன். காகிதப் போட்டோவின் ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. மற்ற அட்டைகளுக்குத் தொற்றிவிடும் என்று குப்பையில் போட்டேன். அண்ணியை நான் வெறுங்கையோடு விடவில்லை. அந்தச் சதுரத்தைப் பளபளப்பான தாளில் அச்சடித்து, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணி அதை வாங்கி மகளிடம் நீட்டினார். இவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, அப்பா கை எங்க போகுது?" என்றாள்.

"ஓரத்துக்கும்மா."

"அந்த ஓரத்துல நான் இருந்தேன்ல?"

"நீ கலங்கலா இருந்தேம்மா."

"கலங்கலா இருந்தாலும் நான்தானே சித்தப்பா."

என் மனைவி குறுக்கே புகுந்து, "இவர்கிட்ட குடுத்ததும் குரங்கு கையில பூமாலைய குடுத்ததும் ஒண்ணு" என்றாள். தரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

நீங்கள் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறீர்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என் துடைப்பு அப்படி. ஏதோ கேட்டீர்களே, வலப்பக்கத்து இளைஞன் அந்த ஆல்பத்தில் என்ன வாசித்தார் என்றா? ஒன்றும் வாசிக்கவில்லை. கூடச் சேர்ந்து ஒரு வரியாவது பாடட்டுமா என்று அன்று காலையில் கேட்டார். "நீ வயரப் பிடி, அது போதும்" என்றார் அண்ணன்.

ஆமாம், அது நான்தான். ஆனால் அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் இதே பக்கமாகத்தான் வெட்டியிருப்பேன்.