ஈரம் ஆகாத செடிகள்

வீட்டில் செடி வளர்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீர் ஊற்றியே அதைக் கொன்றுவிடுகிறார்கள். உங்கள் மேசையில் இருக்கிறதே, அந்தச் செடியும் இன்னும் கொஞ்ச நாளில் போய்விடும் மேடம். தொட்டியின் அடியில் ஓட்டை இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

என்னிடம் இருப்பவை கொத்துக் கொத்தாக வளரும் சின்னச் சதைப்பற்றுச் செடிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்தான். தாய்ச்செடியைச் சுற்றிக் குட்டி விடும், அந்தக் குட்டியைச் சுற்றி இன்னும் குட்டி, கடைசியில் தொட்டி விளிம்பே தெரியாமல் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும். மணலும் உடைத்த செங்கல்லும் கலந்து நட்டு, நல்ல வெயிலில் விட்டு, மண் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். மற்றபடி சும்மா இருப்பதுதான் வேலை. என் நாத்தனாரால் அது மட்டும்தான் முடியவில்லை.

அவள் என் கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் இறந்த பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். நல்லவள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை சும்மா இருக்காது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் மக்கை எடுத்துக்கொண்டு செடிகள் இருந்த ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே?" என்று கேட்டால், "இலையெல்லாம் சுருங்கிக் கெடக்கு அண்ணி. பாவம், தாகம் எடுக்காதா அதுக்கு?" என்பாள்.

தலைபாடாக அடித்துக்கொண்டேன். வேர் அழுகினாலும் இலை சுருங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதைப் பார்த்து இன்னும் ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போகும். எத்தனை முறை சொல்லியிருப்பேன். "சரி சரி, தெரியாம ஊத்திட்டேன்" என்பாள். மறுநாள் மண் சொதசொதவென்று இருக்கும். என் கணவர் வாங்கிக் கொடுத்த ஒற்றைச் செடியிலிருந்து நான் பெருக்கிய பெரிய கொத்து ஒன்று, தொட்டதும் கூழாகிக் கையோடு வந்தது. அவள் பக்கத்தில் நின்று, "நான் நல்லதுக்குத்தானே அண்ணி செஞ்சேன்" என்றாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதன்பிறகு அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். நான் தள்ளிவிட்டேனா என்று நேற்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். இல்லை. அந்தப் புத்தியே எனக்குக் கிடையாது. நல்ல வெளிச்சம் வரும் என்று, செடிகள் இருந்த அறையிலேயே அவளுக்குக் கட்டில் போட்டேன். குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர், "முதுகுல ஈரம் தங்க விடாதீங்க, புண்ணு வந்துடும்" என்று சொல்லி அனுப்பினார். நான் தங்க விடவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும். காலையில் அரை டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர். பிறகு காலையில் மட்டும். விரிப்பு காய்ந்தே இருந்தது. முதுகில் ஒரு கீறல்கூடக் கிடையாது, நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கோடைக்காலம். கேட்டாள், கேட்காமல் என்ன. "அண்ணி, ஒரு வாய் தண்ணி குடுங்க அண்ணி. நாக்கு ஒட்டிக்குது." கொஞ்சம் பொறு என்பேன். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அவள் கையைக் கிள்ளிப் பார்த்தாள். தோல் கிள்ளியபடியே நின்றது. "நிறையத் தண்ணி குடுங்கம்மா, இப்படியே விட்டா கிட்னி போயிடும்" என்றாள். சரி என்றேன். ஆமாம் மேடம், தெளிவாகக் காதில் விழுந்தது, புரியவும் செய்தது. ஆனால் சுருக்கத்தைப் பார்த்ததும் தண்ணீர் தண்ணீர் என்று பறக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அந்த நர்ஸுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள். அடுத்த தடவை நர்ஸ் மணியடித்தபோது, தூங்குகிறாள் என்று வாசலோடு அனுப்பிவிட்டேன்.

கடைசி நாளைப் பற்றித்தானே கேட்டீர்கள். இந்தச் செடிகளுக்கு மேலிருந்து ஊற்றாமல் இருப்பது நல்லது. அகலத் தட்டில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை அதில் உட்கார வைத்தால், வேண்டியதை அடியிலிருந்து மண்ணே இழுத்துக்கொள்ளும். அன்று காலை ஜன்னலடியில், தரையில் அப்படி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் கட்டில் காலியாக இருந்தது. இடுப்பு உடைந்தவள் எப்படித்தான் இறங்கினாளோ. ஊர்ந்து போய், தொட்டியைத் தள்ளிவிட்டு, தட்டில் வாய் வைத்துக் கிடந்தாள். மோவாயெல்லாம் மணல். என்னைப் பார்த்ததும், "கொஞ்சம்தான் குடிச்சேன் அண்ணி, கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

முதலில் சிதறிய குட்டிகளைப் பொறுக்கினேன். பிறகு அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டேன். தட்டையும் செடிகளையும் வேறு அறைக்கு மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அப்புறம் கூப்பிடவில்லை. அன்று முழுக்க அவளை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.