ஜன்னலை மறைத்த செம்பருத்தி

செம்பருத்திக்கு ஈரம் வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் மொட்டு உதிர்ந்துவிடும். இது தெரியாமல்தான் பலர் செடியைக் கொன்றுவிடுகிறார்கள். என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் வளர்த்தவை ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. நீங்களே பார்த்தீர்கள்.

அது தூண் செம்பருத்தி. பக்கவாட்டில் படராமல், நட்ட கம்பம் மாதிரி நேராக மேலே போகும் ரகம். எங்கள் வீட்டுப் பின்னறைக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுதான் இடம். "ஜன்னலை மறைக்கணும், ஆனா இடத்தை அடைக்கக் கூடாது" என்று கேட்டேன். நர்சரிக்காரர் இதைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஏன் மறைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

மதிலுக்கு அப்பால் மர அறுவைப் பட்டறை ஒன்று இருந்தது. பொழுது விடிந்தால் காதைக் கிழிக்கும் இரைச்சல். அதை மூடிவிட்டு அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள். குடிவருகிறவர்களுக்குக் கண் இருக்கும், காது இருக்கும். எங்கள் பின்னறையில் என் தங்கை இருந்தாள்.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற எனக்குக் கதவைத் திறக்க ஒரு முகம் வேண்டாமா? கிளம்ப வேண்டிய காலையில் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, பின்னறையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். பஸ் போகிறவரைக்கும்தான். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

பஸ் போய்விட்டது. ஆனால் அவள் கதவை உதைத்த உதையைக் கேட்டதும், இப்போது திறந்தால் என் முகத்திலேயே விழிக்க மாட்டாள் என்று தோன்றியது. கோபம் ஆறட்டும், நாளைக்குத் திறக்கலாம் என்று விட்டேன். மறுநாள் கோபம் கூடியிருந்தது. தள்ளிப்போடப் போடத் திறப்பது கஷ்டமாகிவிட்டது. உங்களுக்கும் இப்படிச் சில காரியங்கள் தள்ளிப்போயிருக்கும். கேட்டவர்களிடம் வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

குறை வைக்கவில்லை. அறையோடு குளியலறை உண்டு. சங்கிலியை மாட்டிக்கொண்டு கதவிடுக்கில் வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். "அக்கா, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போயிடறேன்க்கா" என்று கெஞ்சுவாள். பதில் சொன்னால் பேச்சு வளரும். அதனால் பேச்சைக் குறைத்தேன். பட்டறை மூடியபோது, கத்தினால் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுவேன் என்று ஒரு தடவை சொன்னேன். அதோடு நானும் பேசவில்லை, அவளும் கத்தவில்லை.

செடிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. காய்ந்த குச்சிகளைக் கழித்தேன், வேரடியில் சருகு பரப்பினேன், மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். அடியிலிருந்து நுனிவரை ஊதாப் பூ. பார்க்கிறவர்களுக்கு அங்கே ஜன்னல் இருப்பதே தெரியாது.

இந்த வருஷம் நடுச்செடி மட்டும், ஜன்னல் பக்கமாக, மொட்டையடித்தாற்போல் ஆனது. காலையில் பார்த்த தளிர் மாலையில் இல்லை. தண்ணீரைக் குறைத்தேன், உரத்தை மாற்றினேன். மனசு கேட்காமல் நர்சரிக்காரரை வரச்சொன்னேன்.

அவர் சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து கிளையை இழுத்துப் பார்த்தார். நான் முனையில் நின்றேன்.

"புழுவாங்க?"

"புழு கடிச்சா இலை ஓரம் அரிச்சிருக்கும்மா. இது நகத்தால கிள்ளின மாதிரி..."

அவர் முடிக்கவில்லை. இலைகளுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அண்ணா, இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் கை கிளையிலேயே நின்றுவிட்டது. என் கையில் செடி வெட்டும் பெரிய கத்தரி இருந்தது. சந்துக்கு வேறு வழி கிடையாது. என்னைத் தாண்டித்தான் அவர் வெளியே வர வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். கிளையை மெதுவாக விட்டார்.

"பூச்சிதாம்மா" என்றார் பிறகு, வியாபாரம் பேசுகிற அதே குரலில். "வண்டியில மருந்து இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

எனக்கு நம்ப வேண்டும் போலிருந்தது. வழிவிட்டேன். அவர் மருந்து எடுத்து வரவில்லை. உங்களைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

செடிக்கு ஒன்று என்றால் நான் ஆளைக் கூப்பிடுவேன் என்று தங்கை தெரிந்துவைத்திருக்கிறாள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு, தளிர் தளிராக, அத்தனை பொறுமையாகக் கிள்ளியிருக்கிறாள். நன்றாக இருந்த செடி.

ஆமாம், தாழ்ப்பாள் போட்டது நான்தான். ஐந்து வருஷமாகத் திறக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றுதான் மனசை அறுக்கிறது. கிழமைகூடத் தெரியாமல் தவித்திருக்கிறாள் பாருங்கள். அதைப் போய் ஓர் அந்நிய மனுஷனிடமா கேட்பது? அக்கா என்று நான் ஒருத்தி இருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?