கழற்றிய கழுத்துப்பட்டை

கெலுகோர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் பள்ளிச் சீருடையோடு இருந்த சிறுமி தன் தாயிடம் மெல்லக் கேட்டாள்.

"பக்கத்து வீட்டு அங்கிள் நாயை அவுத்துவிட்டது நான்தான்னு அவருகிட்ட சொல்லிரவா?"

"வேணாம்லா. கட்டிப்போட்டு அடிச்சவருதானே."

"கழுத்தெல்லாம் புண்ணும்மா. அதான் பட்டையையும் கழட்டிட்டேன்."

"லைசன்ஸ் தகடு அதுலதானே இருந்துச்சு. அது இல்லாமத்தான் தெருநாய்னு நகராண்மைக்காரங்க லாரியில தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"அங்கிள் போயி கேட்டா கொடுப்பாங்களா?"

"கொடுப்பாங்க. யாரும் கேக்கலன்னா ஊசி போட்டுருவாங்க."

"சொன்னா கூட்டிட்டு வந்து மறுபடியும் அதை அடிப்பாரு. சொல்லலன்னா செத்துரும். எதும்மா நல்லது?"

தாய் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"போயி எடுத்துட்டு வாங்கன்னு நேத்தே சொல்லிப் பாத்தேன். வேற குட்டி வாங்கிட்டேங்கறாரு."

சிறுமி புத்தகப் பைக்குள் கைவிட்டுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் குட்டிக்குப் போட இதைத் தேடுவாராம்மா?"