கொள்ளிடக்கரைத் தட்டான்கள்

— தள்ளி நில்லுங்க லிசி டீச்சர், சொல்லிட்டேன். மண்ணு லாரி பின்னாடியே வருது.

— வரட்டும் மன்சூர் பாய். என் மேல கொட்டிட்டு அப்புறம் இந்தச் சேத்துக் குட்டைய மூடுங்க.

— இதுக்குள்ள என்னா புதையலா இருக்கு?

— தட்டான் இருக்கு. இந்தச் சிவப்புத் தட்டான நான் ஸ்ரீரங்கத்துல வேற எங்கயும் பாத்ததில்ல. இருக்கறதே கொஞ்சம்தான்.

— கேட்டியா ஜஹானாரா? எம்புள்ள புத்தூர் ஆஸ்பத்திரியில டெங்குல கெடக்கா. இந்தம்மாவுக்குத் தட்டான் கவலை!

— கத்தாதீங்க, தெருவே பாக்குது. டீச்சர், நீங்களும் வெலகிக்குங்களேன். பிளேட்லெட் எறங்கிக்கிட்டே போவுதாம். எனக்குக் கையி காலு ஓடல.

— அல்ஷிஃபா என் கிளாஸ் புள்ள. எனக்கு மட்டும் வலிக்காதா?

— அவ பேரச் சொல்லாதீங்க! கொசு மருந்து அடிக்க வந்தவங்கள வெரட்டுனது நீங்கதான?

— நான்தான். மருந்துல தட்டானும் சேந்து சாவும். கொசு மறுபடி வந்துடும்.

— அல்லாஹ்வுக்குப் பயந்து பேசுங்க. கொசுவ இங்க வளக்குறதே நீங்கதான்!

— டெங்கு கொசு இந்தச் சேத்துல முட்ட போடாதுங்க. தெளிஞ்ச தண்ணி வேணும் அதுக்கு. மொதல்ல உங்க வீட்டப் பாருங்க.

— எங்க வூட்டுல ஏது தண்ணி? கொடத்தக்கூட கவுத்துதான் வெப்பா இவ. மொட்டமாடியில புள்ள அல்லி வெச்சிருக்க தொட்டி ஒண்ணுதான்.

— அந்தத் தொட்டியில கொசு வராது.

— ஏன், நீங்க காவலுக்கு ஆள் வெச்சிருக்கீங்களோ?

— ஆமா. இங்கேர்ந்துதான் நானும் அவளும் தட்டான் குஞ்சு கொண்டுபோயி அதுல விட்டோம். கொசுப்புழுவெல்லாம் தின்னுடும். நீங்க திட்டுவீங்கன்னு அவ வீட்டுல சொல்லல.

— தட்டானுக்கு ஏது குஞ்சு? கத வுடாதீங்க.

— றெக்க மொளைக்கற வரைக்கும் தண்ணிக்குள்ளதான் இருக்கும். மண்ணு நெறத்துல, ஆறு காலோட, பாக்கவே அருவருப்பா இருக்கும்.

— என்னங்க... போன மாசம் தேள் குஞ்சுன்னு சொல்லி, அந்தத் தொட்டியிலேர்ந்து வடிகட்டியால அள்ளிப் போட்டு செருப்பால மிதிச்சீங்களே...

— நீ சும்மா இரு ஜஹானாரா.

— பாய், தொட்டியக் கவுத்துட்டீங்கல்ல? அதையாவது சொல்லுங்க.

— இல்லம்மா. புள்ள ஆசையா வெச்ச பூவு, வாடிப்போனா அழுவாளேன்னு... அழுக்குத் தண்ணியக் கொட்டிட்டு, நல்ல தண்ணி நெரப்பி வெச்சேன்.